மூணு பாயிண்ட்டுக்கே ஸ்பாம்னா எங்க மெயிலெல்லாம் எங்க போறது? ஹோஸ்டிங் கம்பெனிக்கு ஒரு திறந்த மடல்

எங்க ஆபீஸ் மெயிலை ஹோஸ்ட் பண்ற கம்பெனியோட மெயில் அட்மின் டீமுக்கும், அவங்களுக்கு மேல உக்காந்து முடிவெடுக்குறவங்களுக்கும்,

ஒரு மெயில் எத்தனை பாயிண்ட் வாங்குனா ஸ்பாம்னு ஒதுக்கணும்ங்கற ஸ்பாம் ஃபில்டரோட கட்-ஆஃப் ஸ்கோரை 5-ல இருந்து 3-க்கு எறக்கிட்டீங்க. 6-ஐத் தாண்டுன மெயிலை யாருக்கும் சொல்லாம அழிச்சுடறீங்க. கண்ட்ரோல் பேனல்ல அந்த ஸ்கோரை நாங்களே மாத்திக்கிற வசதி இருந்துச்சு, அதையும் எடுத்துட்டீங்க. இதுல எதுக்கும் கஸ்டமருக்கு ஒரு வரி தகவல் கிடையாது. டிக்கெட் மேல டிக்கெட் போட்டதுக்கப்புறம்தான் இவ்வளவும் வெளிய வந்துச்சு, அதுலயும் கடைசியா வந்த பதில் "இந்த மாற்றத்துக்கப்புறம் ஸ்பாம் கம்ப்ளைன்ட் நல்லா குறைஞ்சிருக்கு சார், அதனால மாத்த முடியாது"ங்கறதுதான். டிக்கெட்டை மூடிட்டீங்க. அதனாலதான் எல்லாரும் படிக்கிற மாதிரி வெளியில எழுதறேன்.

நாங்க கரூர்ல ஹோம் டெக்ஸ்டைல்ஸ் பண்ற சின்ன எக்ஸ்போர்ட் ஆபீஸ். கிச்சன் டவல், ஏப்ரன், டேபிள் லினன் இந்த மாதிரி. சரக்கு தூத்துக்குடி வழியா போகுது, காசு பேங்க் வழியா வருது, நடுவுல இருக்கற அத்தனையும் மெயில்ல ஓடுது. நான் அங்க டாக்குமெண்டேஷன் பாக்குறேன், கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும்ங்கறதால மெயில் பிரச்சனையும் என் தலையிலதான் விழும்.

என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். எங்க ஃபார்வர்டர், அதாவது கப்பல்ல சரக்கு அனுப்ப ஏற்பாடு பண்றவரு, டிராஃப்ட் பி.எல். அனுப்புறாரு. ஷிப்பிங் பக்கம் தெரியாதவங்களுக்கு: கப்பல்ல ஏத்துன சரக்குக்கான பில் ஆஃப் லேடிங்கை ஃபைனலா பிரிண்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு டிராஃப்ட் வரும், அதுல கன்சைனி (சரக்கு யாருக்குப் போகுதோ அவரு) பேரு, அட்ரஸ், கார்ட்டன் எண்ணிக்கை, கிராஸ் வெயிட் எல்லாம் சரியானு நாங்க பாத்து, கப்பல் கம்பெனிக்காரங்க குடுத்த டைமுக்குள்ள கன்ஃபர்ம் பண்ணணும். அந்த டிராஃப்ட்ல பையரோட பழைய அட்ரஸ் இருந்துச்சு. நான் பாத்திருந்தா ரெண்டு நிமிஷ வேலை. ஆனா அந்த மெயில் எனக்கு வரவே இல்ல. அவருக்கு பவுன்சும் (மெயில் போய்ச் சேரலைன்னு திரும்பி வர்ற தகவல்) வரல. ஃபோன் பண்ணிக் கேட்டப்ப, "அண்ணே, நீங்க ரிப்ளை பண்ணலைன்னதும் ஓகேன்னு நெனச்சு ரிலீஸ் பண்ணிட்டோம்ணே"னாரு. அவர் மேல என்ன தப்பு? எல்.சி.யில (பையர் சார்பா பேங்க் குடுக்கற பண உத்தரவாதம்) ஒரு அட்ரஸ், பி.எல்.ல வேற அட்ரஸ், பேங்க்ல அதை டிஸ்கிரிபன்சினு (பேப்பர் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலைனு) நிறுத்திட்டாங்க. அமெண்ட்மென்ட் சார்ஜ் ஒரு பக்கம், டிஸ்கிரிபன்சி ஃபீ ஒரு பக்கம், பையர் மனசு வச்சு ஒத்துக்கிற வரைக்கும் பணம் தொங்கிக்கிட்டு கெடந்தது இன்னொரு பக்கம்.

அந்த மெயில் வெப்மெயில்ல ஸ்பாம் ஃபோல்டர்ல இருந்துச்சு. நீங்க அந்த ஃபோல்டரை ஏழு நாளைக்கு ஒருதரம் காலி பண்றீங்களாம், அதுக்குள்ள எட்டிப் பாத்ததால கெடைச்சுது. "ஸ்பாம் ஃபோல்டரைப் பாக்க வேண்டியதுதானே சார்"னு உங்க சப்போர்ட்ல ஒருத்தர் கேட்டாரு. ஏனுங்க, எங்க ஆபீஸ்ல எல்லாரும் அவுட்லுக்ல பாப்-3 போட்டு வச்சிருக்கோம், அந்த செட்டிங்கை எழுதிக் குடுத்ததே நீங்கதான். பாப்-3 இன்பாக்ஸை மட்டும்தான் எறக்கும், சர்வர்ல ஸ்பாம்னு ஒரு ஃபோல்டர் இருக்கறதே அதுக்குத் தெரியாது. எங்களை மாதிரி சின்ன ஆபீஸ்ல பாதிப் பேரு இன்னும் அப்படித்தான் ஓட்டறாங்க. அவங்களைப் பொறுத்தவரைக்கும் உங்க ஸ்பாம் ஃபோல்டரும் குப்பைத்தொட்டியும் ஒண்ணுதான்.

சரி, அந்த மெயில் எப்படி ஸ்பாம் ஆச்சுன்னு ஹெடரை, அதாவது மெயிலோட மறைஞ்சு வர்ற டெக்னிக்கல் விவரத்தை, தொறந்து பாத்தேன். நீங்க ஓட்டறது ஸ்பாம் அசாசின்ங்கற ஃபில்டர் சாஃப்ட்வேர், ஒவ்வொரு ரூலும் எத்தனை பாயிண்ட் போட்டுச்சுன்னு அதுவே எழுதி வச்சிடும். சப்ஜெக்ட் முழுக்க கேப்பிட்டல் லெட்டர், அதுக்கு 0.5. (ஷிப்பிங்காரங்க கேப்ஸ் லாக்கை ஆஃப் பண்ணி நான் இன்னிவரைக்கும் பாத்ததில்ல.) எச்.டி.எம்.எல். மட்டும் இருக்கு, பிளெய்ன் டெக்ஸ்ட் இல்ல, அதுக்கு 0.1. ரிப்ளை-டூல ஃப்ரீ மெயில் ஐ.டி. இருக்கு, அதுக்கு 1. பேயஸ், அதாவது பழைய மெயிலைப் பாத்துக் கத்துக்கிட்டு இது ஸ்பாமானு கணிக்கற பகுதி, 50-னு சொல்லுது, அதுக்கு 0.8. இதோட நீங்களே எழுதிச் சேத்த ஒரு லோக்கல் ரூல், "அர்ஜென்ட்"ங்கறதும் "பேமெண்ட்"ங்கறதும் ஒரே மெயில்ல வந்தா 1.5. மொத்தம் 3.9.

இந்த 3.9-ல எது ஸ்பாமுக்கு அத்தாட்சின்னு நீங்களே சொல்லுங்க. பேயஸ் 50-னா என்ன அர்த்தம்? "இது ஸ்பாமா இல்லையானு எனக்குத் தெரியல"ங்கறதுதான் அர்த்தம், அந்தத் தெரியலைக்கே 0.8 விழுது. 5 கட்-ஆஃபா இருக்கறப்ப இது பிரச்சனையே இல்ல, ஒரு ஓரமா கெடக்கும். 3-ஆ ஆனதும் எந்தக் குத்தமும் இல்லாத மெயில் கூட கால்வாசித் தூரத்தைத் தாண்டிட்டுத்தான் ஆரம்பிக்குது, மிச்சத்தை ஒரு கேப்பிட்டல் லெட்டரும் ஒரு ஜிமெயில் ஐ.டி.யும் முடிச்சிடுது. ஃபார்வர்டர், டையிங் யூனிட், லாரி ஆபீஸ், சி.எச்.ஏ. (கஸ்டம்ஸ் ஏஜென்ட்), யாரைப் பாத்தாலும் ஃப்ரீ மெயில் ஐ.டி.தான், எல்லாருக்கும் அர்ஜென்ட்தான், எல்லாருக்கும் பேமெண்ட்தான். அந்த லோக்கல் ரூல் எங்க தொழில் மொத்தத்தையும் ஸ்பாம்னு சொல்லுது.

அந்த 5-ங்கற நம்பரை யாரோ ரவுண்டா இருக்கேன்னு வச்சதில்ல. ஸ்பாம் அசாசின்ல ஒவ்வொரு ரூலுக்கும் இத்தனை பாயிண்ட்டுனு கைல பிரிச்சு வச்ச ஸ்பாம் குவியல், நல்ல மெயில் குவியல் ரெண்டையும் ஓட்டிப் பாத்து, 5-ங்கற கோட்டுல தப்பு கம்மியா வர்ற மாதிரி எல்லாத்தையும் ஒண்ணுக்கொண்ணு பொருத்திக் கணக்குப் போட்டிருக்காங்க. கோட்டை நகத்துனா அந்தக் கணக்கே செல்லாது. இதைவிட முக்கியமா, அவங்களோட சொந்த மேனுவல்லயே எழுதியிருக்கு: 5-ங்கறதே கொஞ்சம் கறாரான செட்டிங், ஒரு ஆள் தனக்குன்னு வச்சுக்க சரியா இருக்கும், பல பேருக்கு மெயில் குடுக்கற கம்பெனியா இருந்தா 8 இல்ல 10-னு வையுங்கன்னு. ஆட்டோமேட்டிக்கா டெலிட் பண்றதை அவங்க பரிந்துரைக்கவே இல்ல, யூசருங்க புகார் பண்ணுவாங்கன்னு சொல்லி, பண்ணித்தான் ஆகணும்னா 15-க்கு மேல போனதை மட்டும் பண்ணுங்கங்கறாங்க. அழிச்சே ஆகணும்னு இருக்கறவங்களுக்கே 15 சொல்றாங்க, நீங்க 6-ல வச்சிருக்கீங்க. ஆர்ஸ்பாம்டினு இன்னொரு ஸ்பாம் ஃபில்டரை எடுத்துக்கிட்டாலும் சரி, ரிஜெக்ட் பண்ற டிஃபால்ட் 15-தான். அந்த ஸ்கேல் வேற, இருந்தாலும் எந்தப் பக்கம் சாஞ்சு வச்சிருக்காங்கன்னு பாருங்க.

அந்த இடைவெளி எதுக்குன்னா, ஃபில்டரும் தப்பு பண்ணும், ஒரே ஒரு ரூல் தப்பாப் போச்சுன்னா மெயில் செத்துடக் கூடாது, அதுக்குத்தான். 2010 ஜனவரி 1 ஞாபகம் இருக்கா? தேதி ரொம்ப எதிர்காலத்துல இருந்தா பாயிண்ட் போடற ரூல் ஒண்ணு ஸ்பாம் அசாசின்ல இருந்துச்சு, 2010-ஐயே எதிர்காலம்னு எழுதி வச்சிருந்தாங்க, புது வருஷம் பொறந்ததும் உலகம் பூராவும் வந்த சாதாரண மெயிலுக்கெல்லாம் பல செட்டப்புல 3 பாயிண்ட்டுக்கு மேல விழுந்துச்சு. கட்-ஆஃப் 5-ல வச்சிருந்தவங்களுக்கு அடி விழுந்துச்சுதான், ஆனா மத்தபடி சுத்தமா இருந்த மெயில் தப்பிச்சுது. உங்க இன்னிக்கு செட்டிங்குல அந்த ஒரு ரூல் மட்டுமே போதும், ஒரு மெயில் உள்ள வராது. இன்னொண்ணு, ஓ.ஆர்.டி.பி.னு ஒரு பிளாக்லிஸ்ட் (ஆகாத சர்வருங்களோட பட்டியல், மெயில் சர்வருங்க அதைக் கேட்டுப் பாக்கும்), 2006 டிசம்பர்ல கடையை மூடிட்டாங்க, ஆனா கேக்கறதை நிறுத்தாத சர்வருங்க ஏகப்பட்டது, கடைசில 2008 மார்ச்ல எந்த சர்வரைப் பத்திக் கேட்டாலும் "ஆமா, லிஸ்ட்ல இருக்கு"னு பதில் சொல்ல விட்டாங்க. சார்ப்ஸ்னு இன்னொரு பிளாக்லிஸ்ட்டை 2024 ஜூன்ல மூடுனாங்க. உங்க கான்ஃபிக்ல செத்துப்போன லிஸ்ட் எதுவும் இன்னும் இல்லைன்னு நீங்க எப்ப செக் பண்ணீங்க?

இப்ப தமிழுக்கு வர்றேன், இது எனக்கு ரொம்பவே ஆத்தாமையா இருக்கு. எங்க ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து நீளமா ஒரு சர்க்குலர் தமிழ்ல வந்துச்சு, ஜி.எஸ்.டி. ரீஃபண்ட் சம்பந்தமா. அதுவும் ஸ்பாம்ல. ஹெடர்ல பாத்தா வேண்டாத மொழினு 2.8 பாயிண்ட். அதாவது மொழி கண்டுபுடிக்கற பிளகின்னை ஆன் பண்ணி, இங்கிலீஷ் மட்டும் ஓகேன்னு வச்சிருக்கீங்க. டிஃபால்ட்ல அந்த பிளகின் ஆஃப்லதான் இருக்கும், ஆன் பண்ணாலும் எல்லா மொழியும் ஓகேன்னுதான் இருக்கும், அந்த மொழிப் பட்டியல்ல தமிழும் இருக்கு. யாரோ உக்காந்து மாத்தியிருக்கீங்க. 2.8, அதோட அந்த "தெரியல" 0.8, ஆக 3.6. தமிழ்நாட்டுல கஸ்டமரை வச்சுக்கிட்டு, தமிழ்ல எழுதுனதுக்கே ஒரு மெயிலை ஸ்பாம்னு ஒதுக்குறீங்க. எங்க ஜெர்மனி பையரு அவங்க ஆபீசுக்குள்ள ஓடுன ஜெர்மன் மெயிலை அப்படியே ஃபார்வர்ட் பண்ணா அதுக்கும் இதே கதிதான்.

பேயஸ் ஏன் எங்க மெயிலைப் பாத்து தெரியல தெரியலனே சொல்லுதுங்கறதுக்கும் காரணம் இருக்கு. ஹெடர்ல உங்க வெர்ஷன் 3.4-னு காட்டுது. அந்தப் பழைய வெர்ஷன் 15 பைட்டைத் தாண்டுன வார்த்தையை முழுசா வச்சுக்காது, நம்ம எழுத்து மாதிரி இருந்தா ரெண்டு ரெண்டு பைட்டா வெட்டிப் போட்டுடும். கம்ப்யூட்டர்ல எழுத்தைச் சேமிக்கற யூ.டி.எஃப்.-8 முறையில தமிழ் எழுத்து ஒவ்வொண்ணும் 3 பைட், மேல போடற புள்ளி, கொக்கி, கால் எல்லாத்துக்கும் தனித்தனியா 3 பைட். "ஏற்றுமதி"ங்கற சின்ன வார்த்தையே 24 பைட். மூணு மூணா இருக்கறதை ரெண்டு ரெண்டா வெட்டுனா என்ன மிஞ்சும், அதுல இருந்து ஃபில்டர் என்னத்தைக் கத்துக்கும்? 2022 டிசம்பர்லயே 4.0 வந்துடுச்சு, வேற மொழிங்களை ஒழுங்கா கையாளணும்னே அதுல நெறைய வேலை பண்ணியிருக்காங்க. அப்டேட் பண்றதுக்கு என்ன தடை?

உங்க பக்கத்தையும் யோசிச்சுப் பாத்தேன். ஸ்பாம் கொட்டுச்சு, கஸ்டமர் எல்லாம் திட்டுனாங்க, ஏதாவது பண்ணியே ஆகணும்ங்கற நெலமை. எங்களுக்கும் அப்ப தினமும் குப்பை வந்துச்சு, இல்லேங்கல. ஆனா ஏன் கொட்டுச்சுன்னு பாத்தீங்களா? எங்களுக்கு வந்த எல்லா மெயிலோட ஹெடர்லயும் ஒரு வரி மாறாம இருக்கு, யூ.ஆர்.ஐ.பி.எல். பிளாக்டு, 0.001. யூ.ஆர்.ஐ.பி.எல்.ங்கறது ஸ்பாம் மெயில்ல வர்ற வெப்சைட் பேருங்களோட பிளாக்லிஸ்ட், அந்த லிஸ்ட்காரங்க உங்க கேள்விக்குப் பதில் சொல்லவே மாட்டேங்கறாங்கன்னு அர்த்தம். இது பெரும்பாலும் எப்ப வரும்னா, சர்வர் தனக்குன்னு டி.என்.எஸ். ரிசால்வர் (இன்டர்நெட்ல பேரைக் கேட்டு விவரம் வாங்கித் தர்றது) வச்சுக்காம 8.8.8.8 மாதிரி எல்லாரும் யூஸ் பண்ற பப்ளிக் ரிசால்வர் வழியா கேக்கறப்ப வரும். ஸ்பாம்ஹவுஸ்ங்கற பிளாக்லிஸ்ட்டும் அப்படிக் கேட்டா பதில் தராது, 127.255.255.254-னு ஒரு எரர் கோடுதான் வரும், அதை எரர்னு தெரியாம "லிஸ்ட்ல இருக்கான்"னு எடுத்துக்கிட்ட சர்வரும் உண்டு. ஆக, ஸ்பாமைப் புடிக்கறதுல பெரிய கை எந்த ரூலுக்கோ அது உங்க சர்வர்ல வேலையே செய்யல. 8, 9 வாங்க வேண்டிய ஸ்பாம் 4 வாங்கிட்டு உள்ள வந்துச்சு. நீங்க அதைச் சரி பண்ணாம கோட்டை எறக்கிட்டீங்க. அன்பவுண்டு மாதிரி ஒரு லோக்கல் ரிசால்வர் போடறது உங்க டீமுக்கு ஒரு மத்தியான வேலை.

கம்ப்ளைன்ட் குறைஞ்சிருக்குங்கற உங்க பதில்தான் எனக்கு ரொம்ப உறுத்துது. இன்பாக்ஸ்ல ஸ்பாம் வந்தா கண்ணுக்குத் தெரியும், எரிச்சலாகும், டிக்கெட் போடுவாங்க. நல்ல மெயில் வராமப் போனா யாரு டிக்கெட் போடுவா? வராத மெயில் வரலைன்னு எப்படித் தெரியும்? பையர் என்கொயரி அனுப்பி நாங்க பதில் போடலைன்னா அவரு கோவிச்சுக்கிட்டு உங்களுக்கு எழுதப் போறதில்ல, பக்கத்துத் தெரு கம்பெனிக்குப் போயிடுவாரு. இந்தக் கம்ப்ளைன்ட் கணக்குல ஒரு பக்கத்துத் தப்பு மட்டும்தான் தெரியும், இன்னொரு பக்கம் எப்பவுமே ஜீரோதான் காட்டும். அந்த ஜீரோவைப் பாத்துட்டு ஃபில்டர் நல்லா ஓடுதுன்னு சொல்லாதீங்க. ரெண்டு தப்போட வெலையும் ஒண்ணில்ல, உள்ள வந்த ஒரு ஸ்பாமை டெலிட் பண்ண ஒரு செகண்டு, தொலைஞ்சு போன ஒரு டிராஃப்ட் பி.எல்.லுக்கு நாங்க கட்டுனது என்னன்னு மேலயே சொல்லிட்டேன்.

6-க்கு மேல அழிக்கறீங்களே, அதைப் பத்தி இன்னும் கொஞ்சம். உங்க சர்வர் முதல்ல 250 ஓகேன்னு சொல்லி மெயிலை வாங்கிக்குது, அப்புறம் தூக்கிப் போடுது. அனுப்புனவரு லாக்ல டெலிவர்டுனு இருக்கும், எங்ககிட்ட ஒண்ணும் இருக்காது, நடுவுல யாரு பொய் சொல்றாங்கன்னு நானும் ஃபார்வர்டரும் ஃபோன்ல சண்டை போட்டுக்கிட்டு இருப்போம். எஸ்.எம்.டி.பி.ங்கற மெயில் அனுப்பற முறைக்கு 2008-ல வந்த அடிப்படை விதி ஆர்.எஃப்.சி. 5321, அதுலயே சொல்லியிருக்கு: மெயில் ஒண்ணு போய்ச் சேரணும், இல்ல திரும்பி வரணும், சொல்லாமக் கொள்ளாம போட்டுடறது ரொம்ப ஆபத்தான பழக்கம்னு. வேண்டாம்னா வாசல்லயே 550 சொல்லி ரிஜெக்ட் பண்ணுங்க. அனுப்புனவருக்கு உடனே தெரிஞ்சிடும், அவரு ஃபோன் போட்டுடுவாரு. எங்க செக்கிங் டேபிள்ல கூட குறை இருக்கற டவலைத் தனியா அடுக்கி வைப்பாங்களே ஒழிய எரிச்சுட மாட்டாங்க, சாயங்காலம் சூப்பர்வைசர் ஒருதரம் பொரட்டிப் பாத்தா அதுல நாலு நல்ல பீஸ் திரும்ப வரும்.

இதுல இன்னொரு சிக்கல், ஆட்டோ-லேர்னையும், அதாவது எத்தனை பாயிண்ட் போனா பேயஸ் தானாவே ஸ்பாம்னு கத்துக்கணும்ங்கற அளவையும், 6-ல வச்சிருக்கறதா உங்க ஆளே டிக்கெட்ல எழுதியிருக்காரு. டிஃபால்ட் 12. அந்த லோக்கல் ரூல் தப்பாப் போட்ட பாயிண்ட்டையும் சேத்து ஒரு நல்ல மெயில் 6-ஐத் தாண்டுனா, பேயஸ் அதை ஸ்பாம்னே கத்துக்க வாய்ப்பிருக்கு, அடுத்த தடவை அதே ஃபார்வர்டர் மெயிலுக்கு 0.8-க்குப் பதிலா 2, 3-னு போடும், அது மறுபடி 6-ஐத் தாண்டும். அதுவும் சர்வர் மொத்தத்துக்கும் ஒரே பேயஸ்னா, எங்க தொழிலுக்கே சம்பந்தமில்லாத ஒருத்தரோட குப்பையை வச்சு எங்க மெயிலை மதிப்பு போடுது.

"உங்க ஃபார்வர்டர் ஐ.டி. குடுங்க சார், வைட்லிஸ்ட் பண்ணிடறோம்"னு சொன்னீங்க. தெரிஞ்ச ஆளுக்கு அது சரி. புதுசா என்கொயரி அனுப்பற பையர் ஐ.டி.யை நான் முன்னாடியே எப்படிக் குடுக்கறது? அப்புறம் நீங்க போடறது ஃப்ரம் அட்ரஸை மட்டும் பாக்கற வைட்லிஸ்ட், அது அப்படியே மைனஸ் 100 குடுக்குது. எங்க ஃபார்வர்டர் பேர்ல எவனாவது பொய்யா ஃப்ரம் போட்டு "பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு"னு அனுப்புனா அதையும் ராஜ மரியாதையோட உள்ள விட்டுடும். எக்ஸ்போர்ட் லைன்ல இந்த மோசடிலதான் பெரிய பெரிய பணம் போகுது. எஸ்.பி.எஃப்., டிகிம்னு, மெயில் நிஜமா அந்த இடத்துல இருந்துதான் வந்துச்சான்னு பாக்கற சோதனைல பாஸான மெயிலுக்கு மட்டும் ஒதுங்கி வழிவிடற வைட்லிஸ்ட் அதே சாஃப்ட்வேர்லயே இருக்கு, அதைப் போடுங்க.

இனி நாங்க கேக்குறது. கட்-ஆஃபை இந்த வாரத்துக்குள்ள திரும்ப 5-க்குக் கொண்டு வாங்க, கண்ட்ரோல் பேனல்ல அந்த ஆப்ஷனைத் திருப்பிக் குடுங்க, 8 வேணும்ங்கறவங்க 8 வச்சுக்கட்டும், 3-தான் வேணும்ங்கறவங்க தெரிஞ்சே 3 வச்சுக்கட்டும். டெலிட் பண்றதை இன்னிக்கே நிறுத்துங்க. 15-க்கு மேல போறதை எஸ்.எம்.டி.பி.லயே ரிஜெக்ட் பண்ணுங்க, அதுக்குக் கீழ இருக்கறது எல்லாம் 30 நாளாவது ஸ்பாம் ஃபோல்டர்ல இருக்கணும், பாப்-3 யூஸ் பண்றவங்களுக்கு தினமும் காலைல "இன்னின்னாரு கிட்ட இருந்து, இன்ன சப்ஜெக்ட், இத்தனை ஸ்கோர்"னு ஒரு லிஸ்ட் இன்பாக்ஸுக்கு வரணும்.

மொழி ஃபில்டரை எடுங்க. இதுல பேச்சுவார்த்தைக்கே எடமில்ல.

டி.என்.எஸ்.ஸை சரி பண்ணுங்க, செத்த பிளாக்லிஸ்ட்டை எல்லாம் தூக்குங்க, 4.0-க்கு மாறுங்க. அந்த "அர்ஜென்ட் பேமெண்ட்" ரூலை 0.01-க்கு எறக்கி ஒரு மாசம் ஓட விட்டு, அது எத்தனை ஸ்பாமைத் தொடுது எத்தனை நல்ல மெயிலைத் தொடுதுன்னு லாக்ல எண்ணிப் பாருங்க, அப்புறம் அதுக்கு என்ன பாயிண்ட்டுனு முடிவு பண்ணுங்க. இனிமே எழுதற எந்த ரூலுக்கும் இதே மாதிரிதான் பண்ணணும். ஆட்டோ-லேர்னை 12-க்குத் திருப்பிட்டு, தப்பாக் கத்துக்கிட்ட பேயஸை அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பிங்க. அது வேலை செய்ய ஆரம்பிக்கறதுக்கே 200 ஸ்பாமும் 200 நல்ல மெயிலும் வேணும், நல்ல மெயில் சாம்பிள் வேணும்னா நாங்க தர்றோம், ஷிப்பிங் மெயில், தமிழ் மெயில் ரெண்டுமே ஆர்டர் விவரத்தை எடுத்துட்டு அனுப்பி வைக்கறேன். இது நான் மனசார சொல்றது.

அப்புறம் லாக். ஸ்கோர் குறைச்ச நாள்ல இருந்து எங்க டொமைனுக்கு வந்து அழிஞ்சு போன மெயில் ஒவ்வொண்ணுக்கும் அனுப்புனவர் ஐ.டி., தேதி, ஸ்கோர், இந்த மூணையும் எங்களுக்குக் குடுங்க. மெயில் போனாலும் லாக்ல அந்த வரி இருக்கும்னு எங்களுக்கும் தெரியும். எந்த பையருக்கு மன்னிப்பு கேட்டு எழுதணும்னு பாத்து ஒவ்வொருத்தருக்கா எழுதணும். லாக்கையும் ரொட்டேட் பண்ணி அழிச்சுடறதுக்கு முன்னாடி அனுப்பிடுங்க, டிக்கெட் நம்பர் உங்ககிட்டயே இருக்கு, அதைத் திரும்பத் தொறந்து அதுலயே பதில் போட்டாப் போதும், மெயில்ல அனுப்பாதீங்க, எங்களுக்கு வந்து சேருமான்னு தெரியல.

இப்படிக்கு,
கரூர்ல ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல டாக்குமெண்டேஷன் பாக்குறவன்